ஒரு கிரவுண்ட் வீட்டுக்கு எந்தக் கம்பி?

ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. மனை 40க்கு 60 என்றால் மூலைக்கு மூலை 72 அடி, அதாவது 22 மீட்டர். ஹாம் ரேடியோவுக்கு (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) கம்பி ஆன்டெனா கட்டப் போகிறவர் முதலில் டேப்பை எடுத்து இதைத்தான் அளக்க வேண்டும்.

அளந்ததுமே ஜி5ஆர்வி என்ற பிரபலமான கம்பி ஆன்டெனா கழிந்துவிடும். லூயி வார்னி 1946-இல் வடிவமைத்தது. பெயரே வானொலியில் அவருடைய அடையாளப் பெயரான கால்சைன்தான். முழு நீளம் 31 மீட்டர். நடுவிலிருந்து ஏணிக் கம்பி (ரேடியோ பக்கம் இறங்கும் இரட்டைக் கம்பி) வேறு 10 மீட்டருக்கு மேல் தொங்க வேண்டும். 20 மீட்டர் பேண்டுக்காக (பேண்டின் பெயரில் வரும் மீட்டர் அலைநீளம், கம்பியின் நீளம் அல்ல) போட்ட கணக்கு அது. மற்ற பேண்டுகளுக்கு, ரேடியோவோடு ஆன்டெனாவை ஒத்துப்போக வைக்கும் டியூனர் வேண்டும் என்பதை விற்பவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். தோப்பு வைத்திருப்பவர் கட்டட்டும்.

நடுவில் இல்லாமல் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஃபீட் (கேபிள் இணைப்பு) கொடுக்கும் ஆஃப்-சென்டர் டைபோல் (இரண்டு கை உள்ள ஆன்டெனா) 20 மீட்டர் நீளத்தில் அடங்கும். 40, 20, 10 பேண்டுகள் கிடைக்கும். 15 மீட்டர் பேண்டில் அந்த இடத்தில்தான் கரண்ட் அற்றுப்போகிறது, அதனால் அது கிடைக்காது.

உண்மையான போட்டி எண்ட்-ஃபெட்டுக்கும் ஃபேன் டைபோலுக்கும்தான்.

எண்ட்-ஃபெட் என்பது 20 மீட்டர் ஒற்றைக் கம்பி, ஒரு முனையில் இம்பீடன்ஸை (அலைக்கான மின் எதிர்ப்பை) மாற்றும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். ஃபெரைட் வளையத்தில் 2 சுற்று, 14 சுற்று (7 மடங்கு, அதன் வர்க்கம் 49) என்று நாமே சுற்றிக்கொள்ளலாம். 40, 20, 15, 10 நான்கும் டியூனர் இல்லாமல் வரும். மறுமுனையைத் தென்னையில் கட்டினால் கொஞ்சம் தொய்வு விடுங்கள். காற்றில் மரம் ஆடும், கம்பி அறுந்துவிடும். ஃபீட் முனையில் 100 வாட்டுக்கு 500 வோல்ட் அளவுக்கு நிற்கும், ஆகவே துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் வேண்டாம். அதைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப் பின்னலே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்வதால், வீட்டு இன்வெர்ட்டரும் எல்.இ.டி. பல்புகளும் போடும் சத்தமெல்லாம் ரிசீவருக்குள் வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சில மீட்டர் தள்ளி கோஆக்ஸில் ஒரு சோக் (வெளிப் பின்னலில் ஓடும் கரண்டைத் தடுப்பது) போட்டால் குறையும், முழுக்கப் போகாது.

ஃபேன் டைபோலில் கை ஒன்றுக்கு 40, 20, 10 பேண்டுகளுக்கு 10, 5, 2.5 மீட்டர் என்று மூன்று கம்பிகள், ஒரே ஃபீட். 40க்கான கம்பியே 15 பேண்டிலும் ஓரளவு ஒத்துப்போகும். நடுவைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு குழாயில் ஏற்றி இரு கைகளையும் சரித்துவிட்டால் 17, 18 மீட்டர் இடம் போதும். ஃபீட்டில் 1:1 சோக் ஒன்று போதும், ரிசீவர் அமைதியாக இருக்கும். டியூன் செய்வதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு கம்பியைக் குறைத்தால் இன்னொன்றின் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு) நகரும். வெட்டாமல் நுனியை மடித்துக் கட்டிப் பாருங்கள். பி.வி.சி. உறை போட்ட வீட்டு ஒயர் என்றால் கணக்கு நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் முடியும்.

7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், ஊர்க்காரர்களோடு பேசத்தான் ஆசை என்றால் ஏழெட்டு மீட்டர் உயரமே நல்லது; அலை செங்குத்தாக ஏறி சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும்.

சொந்த வீடு என்பதால் நான் ஃபேன் டைபோல் போட்டேன், நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வாடகை வீட்டு நண்பருக்கு எண்ட்-ஃபெட் கட்டிக்கொடுத்தேன், ஒரே மாலையில் முடிந்தது. அவர் ஹவுஸ் ஓனர் ஒரு கம்பிக்கு மேல் சம்மதிக்கவில்லை.