ஆர்டிஎக்ஸ் 5060: கார்டு விலையோடு கணக்கு முடிவதில்லை

2016-ல் என்விடியாவின் கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி வந்தபோது 249 டாலர். அதே வரிசையில் 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி 299 டாலர். ஐம்பது டாலர்தானே கூடுதல் என்று தோன்றும். அன்று டாலர் 67 ரூபாய் சொச்சம், இது வந்தபோது 85. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேலம் அஞ்சு ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இந்த இரண்டும் விடாது.

1080பி (ஃபுல் எச்டி) திரையில் 5060-ன் வேகம் தாராளம். இடிப்பது 8 ஜிபி மெமரிதான். புது கேம்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் துல்லியம்) அல்ட்ராவில் வைத்தால் அது நிரம்பி, மிச்சம் கம்ப்யூட்டரின் ராம் மெமரிக்கு வழிகிறது. படம் திக்கித் திக்கி ஓடும். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் லேன் (பாதை) 8 மட்டுமே என்பதால், பி450, எச்410 போன்ற, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள பழைய போர்டுகளில் திணறல் இன்னும் மோசம். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். இவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு இறக்கவா?

மாட்டும் முன் போர்டின் பயாஸை (அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து, அதில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்து யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில போர்டுகளில் ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுப்பாகவே நிற்கும். இதற்கென்றே என்விடியா ஒரு ஃபர்ம்வேர் டூல் வெளியிட்டது.

145 வாட் கார்டு, நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும். கேபினெட்டோடு வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் பெரும்பாலும் இருக்காது. பழைய 4 பின் மோலெக்ஸ் கேபிளில் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றினால் கனெக்டர் உருகலாம். சித்திரை வெயிலுக்கு முன்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் அவசியம். ஏற்காட்டுக்காரர்களுக்கு அந்தக் காசு மிச்சம்.

போட்டியாளர் ஏஎம்டியின் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு 349 டாலருக்கு வந்தது, 16 லேனும் உண்டு. கடையில் வித்தியாசம் ஐயாயிரத்துக்குள் என்றால் அதையே எடுங்கள்.