பொது இடத்தில் தொழுகை இடம்: தனி அறையா, பொது அறையா, திரை கட்டிய மூலையா?

மருத்துவமனை, ஜவுளிக்கடை, கல்லூரி என்று மதுரையில் புதுக் கட்டடம் எழுப்புகிறவர்கள் சிலர் இப்போது தொழுகைக்கும் ஓர் இடம் விடுங்கள் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். வரைபடம் போடுகிறவள் என்கிற முறையிலும் தொழுகிறவள் என்கிற முறையிலும் எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் எந்த மாதிரி இடம் என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொன்று சொல்வார்கள். முஸ்லிம்களுக்கென்று தனி அறை என்பார் ஒருவர், எல்லா மதத்தினருக்கும் பொதுவாக ஓர் அமைதி அறை போதும் என்பார் இன்னொருவர், மாடிப்படிக்குக் கீழே ஒரு திரையைக் கட்டிவிடலாம் என்பார் செலவுக் கணக்கு பார்க்கிறவர். நாலாவதாக ஒரு குரல் கட்டாயம் வரும்: "பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கே, அப்புறம் எதுக்கு அறை?"

அந்த நாலாவதை முதலில் முடித்துவிடுவோம். கோரிப்பாளையத்திலும் காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் நிற்கிற ஆணுக்கு அது சரியான பதில்தான், பாங்கு சத்தம் கேட்ட திசையில் நடந்தால் போதும். பெண்ணுக்கு அது பதிலே இல்லை. நம் ஊர்ப் பக்கம் சின்னப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஐசியூ வாசலில் காத்திருக்கிறவர் ஆணோ பெண்ணோ, நர்ஸ் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவாரோ என்று இருக்கும்போது தெருவைத் தாண்டிப் போக முடியாது. பொதுக் கட்டடத்துத் தொழுகை இடம் யாருக்காக என்று கேட்டால், இவர்களுக்காகத்தான்.

திரை கட்டிய மூலை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அத்தாவுக்கு ஆபரேஷன் நடந்த ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மா அப்படித்தான் தொழுதார். சஜ்தாவில் நெற்றி வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஸ்ட்ரெச்சர் சக்கரம் போகும், ஒவ்வொரு முறை லிஃப்ட் கதவு திறக்கும்போதும் காற்றுக்குத் திரை விலகும். ஒளு செய்ய, அதாவது தொழுமுன் முகம் கை கால் கழுவ, கழிவறைக்குள் இருந்த வாஷ்பேசின்தான். மூட்டுவலிக்காரர், காலைத் தூக்கி பேசினில் வைக்க முடியாது, நான் மக்கில் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். தரை முழுக்க ஈரம். துடைக்க வந்த அக்கா சலித்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியுமா? செலவே இல்லாத ஏற்பாடு என்று நினைத்துத்தான் இதைச் செய்கிறார்கள், செலவை அம்மாவும் அந்த அக்காவும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, உண்மையான போட்டி தனி அறைக்கும் பொது அமைதி அறைக்கும்தான்.

தனி அறைக்கு நல்ல முன்மாதிரி மலேசியா. இங்கிருந்து அங்கே வேலைக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், நெடுஞ்சாலை ஓய்விடத்திலும் பெட்ரோல் பங்கிலும்கூட சூராவ் என்கிற சின்னத் தொழுகை அறை இருக்கும், ஓட்டல் அறைக் கூரையில் கிப்லாவுக்கு, அதாவது தொழும்போது முகம் திருப்புகிற மக்கா திசைக்கு, அம்புக்குறி ஒட்டியிருக்கும். தரை எப்போதும் சுத்தம், வரிசை போட்டு வைத்தது, ஒளு செய்யும் இடம் ஒட்டியே இருக்கும். போனோம், தொழுதோம், வந்தோம் என்று முடிந்துவிடும். குறை என்னவென்றால், அங்கே கூட்டம் எப்போதும் உண்டு, இங்கே நாளின் பெரும்பகுதி அறை காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடக்கிற அறையில் முதலில் ஒரு பழைய நாற்காலி வரும், அப்புறம் அட்டைப் பெட்டி வரும், கடைசியில் பூட்டு வரும். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருப்பார்.

பொது அறை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இருக்கிற வகை, எந்த மதத்தினரும் போய் உட்காரலாம். இதில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல்கள் மூன்று: செருப்போடு உள்ளே வருவது, முன்சுவரில் படம் மாட்டுவது, நகர்த்தவே முடியாத நாற்காலி வரிசை. மூன்றையும் வரைபடத்திலேயே தீர்த்துவிடலாம். செருப்பு வெளியே, சுவர் வெறுமையாக, கதவு போட்ட அலமாரி ஒன்று, அதற்குள் பாயும் மடக்கு நாற்காலியும். விளக்கேற்றுகிறவர் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு எடுத்து உள்ளே வைத்துவிடலாம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருக்கிற யாருக்குமே, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், தனியாக உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வகை மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அரசுக் கட்டடம் என்றால் நான் யோசிக்காமல் பொது அறைதான் சொல்வேன். 2021 செப்டம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றக் கட்டடத்தில் ஓர் அறையைத் தொழுகைக்கு ஒதுக்கினார்கள், உடனே அனுமன் கோயிலுக்கும் இடம் கொடு என்று கோரிக்கை எழுந்து, தொழ நினைத்தவர்களை யாரும் கேட்காமலேயே விஷயம் அரசியலாகிவிட்டது. வரிப்பணத்தில் கட்டும் இடத்தில் எல்லோருக்குமான அறைதான் நியாயமும்கூட. தனியார் மருத்துவமனை, மால், கல்லூரி என்றால் தனி அறை நல்லது, ஆனால் சாவி இல்லாத அறையாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒளு செய்யும் இடம் சரியில்லை என்றால் எல்லாம் வீண். பளிங்கு மிஹ்ராபுக்கும் (கிப்லாவைக் காட்டும் சுவர் மாடம்) சரவிளக்குக்கும் ஒதுக்குகிற பணத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் கழுவ வேண்டும், இதை வாஷ்பேசினில் செய்வது இளவட்டங்களுக்கே சிரமம். ஒன்றரை அடி உயரத் திண்டு, முன்னால் குழாய், காலடியில் கம்பிவலை மூடிய வாய்க்கால், பிடித்து எழ ஒரு கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ் இருந்தால் போதும். அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்கிற குழாய் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று வைக்கிறார்கள், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அதைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருக்கிறது. சாதாரண லீவர் குழாயைத் தண்ணீர் மெலிதாக வரும்படி வைத்தாலே சிக்கனம். நபியவர்கள் ஒரு 'முத்து' (அரபு நாட்டுப் பழைய அளவை), அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸிலேயே இருக்கிறது.

அடுத்தது கிப்லா. மேற்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், மதுரையிலிருந்து கணக்குப் போட்டால் நேர் மேற்கிலிருந்து சுமார் 22 டிகிரி வடக்கே சாய்கிறது. சுவர் நேர் மேற்கு பார்த்திருந்தால் வரிசை கோணலாகத்தான் விழும். 12 அடி அகல அறையில் ஓரத்தில் கிட்டத்தட்ட 5 அடி முக்கோணமாகப் போய்விடும், ஒரு வரிசைக்கு 4 அடி வேண்டும், ஆக ஒரு வரிசையே போச்சு. கட்டும்போதே தெரிந்தால் உள்சுவரைத் திருப்பிக் கட்டலாம், இல்லையென்றால் அந்த முக்கோணத்தில் அலமாரியை வைத்துவிடலாம். செல்போன் திசைகாட்டியைக் கட்டடத்துக்குள் நம்பாதீர்கள், கம்பியும் லிஃப்ட் மோட்டாரும் முள்ளை இழுக்கும். மே 28 மதியம் 2.48 மணிக்கும் ஜூலை 16 மதியம் 2.57 மணிக்கும் (நெட்டாண்டில் ஒரு நாள் முன்னால்) சூரியன் மக்காவில் இருக்கிற கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிஷத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நிழல் மேல் கோடு கிழித்தால், சூரியன் இருக்கிற பக்கம் கிப்லா. இதைவிடத் துல்லியமான வழி சைட்டில் கிடையாது.

தரைக்குக் கார்ப்பெட்டா பாயா என்றால், பாய். ஈரக் காலோடு வருகிற இடத்தில் கார்ப்பெட் சீக்கிரமே நாறும். டைல்ஸ் மேல் கோரைப்பாய் விரித்தால் வெயில் காலத்தில் சில்லென்று இருக்கும், உதறி வெயிலில் போடலாம்.

எத்தனை பேருக்கு இடம் என்பதை வெள்ளிக்கிழமையை வைத்துக் கணக்கிடாதீர்கள், வெள்ளி மதியத் தொழுகையான ஜும்ஆவுக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். நெரிசல் சூரியன் மறைந்ததும் தொழுகிற மக்ரிபுக்குத்தான் வரும். அதைத் தொழக் கிடைக்கிற அவகாசமே ஒன்றேகால் மணி நேரம் போலத்தான், மருத்துவமனையில் பார்வையாளர் கூட்டமும் அதே நேரம்தான்.

பெண்களுக்கு அதே அறையில் நடுவே திரையா, தனி அறையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பர்தாவைக் கழற்றி ஒளு செய்ய வேண்டியவர்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவும், அதற்குள்ளேயே தண்ணீரும் வேண்டும். ஒரே அறைக்குத்தான் இடம் இருக்கிறது என்று சொல்கிற முதலாளியிடம் நான் சொல்வது, அப்படியானால் அதைப் பெண்களுக்குக் கொடுங்கள், ஆண்கள் வெளியே போய்த் தொழுதுகொள்வார்கள் என்றுதான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் மாற்றிச் சொல்வதாக இல்லை.