மூங்கிலா, உமிச் சுண்ணாம்பா: எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, விசேஷ நாளில் பெரிய அடுப்பு வைத்துச் சமைக்க, பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஓர் இடம். குத்தகையாளர் செங்கல், சிமெண்டு, கம்பி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மனசு வரவில்லை. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்டு தயாரிப்பில் வருகிறது. மூங்கில், உமி, வைக்கோல் எல்லாம் அதற்கு நேர்மாறு. வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரியை உடம்பிலேயே வைத்திருப்பவை. காய்ந்த மூங்கிலின் எடையில் ஏறத்தாழ பாதி கரிதான். ஒரு கிலோ மூங்கில் கிட்டத்தட்ட 1.8 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

அதனால் இரண்டு பயிற்சிகளுக்குப் போனேன். ஒன்று பாலிக் பூலாவில் ஐந்து நாள் மூங்கில் பயிற்சி. இன்னொன்று ஜார்ஜ்டவுனில் மூன்று நாள், உமியும் சுண்ணாம்பும் கலந்து சுவர் எழுப்பும் பயிற்சி. கொட்டகையை மூங்கிலில்தான் கட்டினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் உடம்பு நோகும். பொருளும் இரண்டுக்குமே பக்கத்தில் கிடைக்கிறது: உமிக்கு செபராங் பிறையிலும் கெடாவிலும் அரிசி ஆலைகள், மூங்கிலுக்கு மலையடிவாரங்கள்.

சுண்ணாம்புப் பயிற்சி எனக்குப் பிடித்தது. பிரான்சில் 1980களிலிருந்து சணல்கஞ்சாத் தண்டின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்புகிறார்கள். எல்லோரா குகைகளின் மண்பூச்சிலேயே அந்தச் செடியின் நார் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இருப்பதால் அந்தச் செடியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் உமி. உமியில் சிலிக்கா அதிகம், சீக்கிரம் மக்காது. இரண்டு பக்கமும் பலகை அடைத்து, கலவையைக் கொட்டி, கையால் இலேசாக அமுக்கிக்கொண்டே மேலே போக வேண்டும். பூச்சு வேலையின்போது கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு இனிக்கும்.

ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. உமிச் சுண்ணாம்புச் சுவர் பாரம் தாங்காது. கூரையைத் தாங்க வேறு சட்டம் வேண்டும். அப்புறம், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துத்தான் இறுகும். சூளையில் 900 டிகிரியில் சுடும்போது விட்ட வாயு அது. அதனால் அந்தச் சுவரில் புதிதாகச் சேமிப்பது பெரும்பாலும் உமிதான். நம் ஈரக் காற்றில் காய்வதும் மெதுவாக நடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரிக் கட்டியில் மூன்று வாரம் கழித்தும் என் கட்டைவிரல் பதிந்தது.

இனி மூங்கில். முடிவு செய்தது அழகோ விலையோ இல்லை, புழு. “மூங்கில வச்சா கட்டப் போறீங்க மாப்ள? ரெண்டு தீபாவளிகூடத் தாங்காது” என்றார் மாமா. தோட்டத்தில் வளர்ந்தவர், அனுபவத்தில் சொன்னார். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அண்ணன் இரண்டு நாள் வகுப்பு ஒன்றில் இணைப்பு மட்டும் கற்றுக்கொண்டு வாசலில் அழகான பந்தல் போட்டார். எட்டு மாதத்தில் ஒவ்வொரு கழிக்கும் கீழே கோதுமை மாவு கொட்டியது போல மஞ்சள் தூள். கழியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காக வரும் வண்டின் வேலை அது. கழி தூளாகி மக்கிப்போனால் உள்ளே இருந்த கரியும் காற்றுக்கே போய்விடும். எத்தனை கிலோ சேமித்தோம் என்ற கணக்கெல்லாம் அது எத்தனை வருடம் நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

பாலிக் பூலா பயிற்சியில் ஐந்தில் ஏறக்குறைய மூன்று நாள் இந்த வண்டைத் தடுக்கும் வேலைக்கே போனது. முதல் நாள் புதரில் நின்று வயது பார்க்கப் பழகினோம். மூன்று, நான்கு வயதுக் கழியில் திட்டுத்திட்டாகப் பாசி படர்ந்திருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். இளசு பளபளவென்று இருக்கும், காய்ந்ததும் சுருங்கிவிடும். தூணுக்கு பெத்தோங் வகை மூங்கில், கைமரத்துக்கு செமந்தான் வகை. வெட்டியதும் நீளமான இரும்புக் கம்பியால் உள்ளே ஒவ்வொரு கணுவாகக் குத்தித் திறக்க வேண்டும். அலுப்பான வேலை. “எப்பதான் கட்டப் போறோம்?” என்று பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை கேட்டார்.

அதன் பிறகு கழிகளை மருந்துத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். தொட்டியில் ஊற்றுவது மூன்று பங்கு வெங்காரம் (போராக்ஸ்), இரண்டு பங்கு போரிக் பவுடர், சுடுதண்ணீரில் கரைத்தது. கேரம் பலகையில் தூவுவோமே, அதே போரிக் பவுடர். கழிகளைக் கல் வைத்து அமுக்கினால் திறந்த கணுக்களின் வழியே காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். குமிழ் வராத கழியை எடுத்து மறுபடி குத்த வேண்டும். ஒன்று, இரண்டு வாரம் ஊறிய பிறகு நிழலில் நிமிர்த்திக் காயவிட வேண்டும். கரைசலை மறுபடி பயன்படுத்தலாம், செடிப்பக்கம் கொட்டக் கூடாது, செடி கருகிவிடும்.

என்னை முழுசாக இந்தப் பக்கம் இழுத்தது ஒரு சோதனை. முன்பே ஊறிக் காய்ந்த கழியின் துண்டை எடுத்து, ஆல்கஹாலில் ஊறிய மஞ்சளைத் தடவி, மேலே ஓர் அமிலக் கரைசலைத் தடவினார்கள். மருந்து ஏறிய இடம் சிவந்தது. குத்தாமல் விட்ட கணுவிலிருந்து எடுத்த துண்டு மஞ்சளாகவே நின்றது. மஞ்சளோடு வெங்காரம் சேர்த்துக் குங்குமம் செய்த நம்மவர்களுக்கு இந்தச் சிவப்பு புதிதில்லை. அந்த மஞ்சள் துண்டைப் பார்த்த பிறகு நான் ஒரு கணுவையும் விடவில்லை.

மருந்து ஏறினாலும் மழை பட்டால் கரைந்து போய்விடும். அதனால் என் கொட்டகைக்கு நான்கு அடி இறவாரம் விட்டேன், தூண்களை முழங்கால் உயரப் பீடத்தில் நிறுத்தினேன். பீடத்திலும், ஆணி முடுக்கிய கணுக்களுக்கு உள்ளேயும் கொஞ்சம் சிமெண்டு போயிருக்கிறது, மறைக்கவில்லை. போன மாதம் ஒரு கைமரம் வெடித்தது. அதைக் கழற்றி வேறு மாட்ட ஒரு மதியம் போதும். மாமாதான் ஏணியைப் பிடித்தார்.

கொட்டகைக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. இருபது வருடம் நிற்கும் என்று நான் சொன்னால் அது அனுபவத்தில் சொல்வதாகாது. சுண்ணாம்பில் என் கை பட்டது மூன்று நாள்தான், அதையும் சேர்த்துப் படியுங்கள். உங்களுடையது ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு என்றால் முதலில் சுண்ணாம்புப் பயிற்சிக்கே போங்கள். அந்தச் செங்கல் சுவர்களில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உதிரும். எது கட்டினாலும் மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூங்கில் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஊறவைக்கும் தொட்டி இருக்கிறதா? ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய ஏதாவது ஒன்றைக் கூட்டிப் போய்க் காட்டுவீர்களா? போனால் நேராகத் தூணின் அடியைப் பாருங்கள், மஞ்சள் தூள் கிடக்கிறதா என்று.