குழந்தை காலைக் காட்டி வசூல் பண்ணித் தருகிறோம் என்று வந்தால் உஷார்

அக்கா மகனுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருக்கும், ஓரத்தை ஊன்றித்தான் நடப்பான். வளைபாதம், டாக்டர்கள் கிளப் ஃபுட் என்பார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஆறு லட்சம் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஒருவர் போன் செய்து, ஆன்லைனில் வசூல் செய்து தருகிறோம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை என்றார். அக்கா நம்பர் அவருக்கு எப்படிப் போனது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கே வந்து வீடியோ எடுத்தார்கள். போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றிப் பழையதை மாட்டச் சொன்னார்கள். வாசலிலிருந்து அடுப்படி வரை பிள்ளையை நாலு தடவை நடக்கவிட்டு, அவன் விழுந்த தடவையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் அழுதுட்டே பேசுங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னபோதே நான் விரட்டியிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் சேர்ந்தது 3,86,000 ரூபாய். அத்தானோடு மில்லில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்திலிருந்து போட்டதும் அதில் அடக்கம். கைக்கு வந்தது 1,21,000. மீதி விளம்பரச் செலவாம், கமிஷனாம், அதற்கு ஜிஎஸ்டியாம். அக்கா கையெழுத்துப் போட்ட பேப்பரில் எட்டாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேதான் வயிறே எரிந்தது. டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய ஆபரேஷனே வேண்டாம், பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடலாம், கடைசியில் குதிகால் தசைநாணை லேசாக வெட்டிவிட்டால் போதும் என்றார். ஏழு கட்டு. அப்புறம் நடுவில் கம்பி வைத்த ஷூ, மூன்று மாதம் ராப்பகலாக, இப்போது தூங்கும்போது மட்டும். நாலைந்து வயது வரை அதை விடக் கூடாதாம். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஆபரேஷன் கட்டாயம் தேவை என்றாலும் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள், ஆண்டுக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, கலெக்டர் ஆபீஸிலேயே பதியலாம். அதிலும் முடியாமல் வசூல்தான் என்றால், பணம் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகிறதா, நூற்றுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஆன்லைன் வசூல் பக்கத்தை மூடச் சொல்லி மூன்று மெயில் போட்டும் அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்றுகூட யாரோ 500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். பச்சைச் சட்டை, அடுப்படி வாசலில் விழுகிற பையன். பார்த்தால் தயவுசெய்து பணம் போடாதீர்கள், அவன் இப்போது நன்றாகவே நடக்கிறான்.