வெண்ணாறும் சிவப்புக் கோடும்: கோப்பு வடிவத்துக்கேற்ற பிழைதிருத்தி அமைப்பு

கும்பகோணத்தில் பாசன சங்க மனுக்களையும் குடமுழுக்கு மலர்களையும் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் எனக்கு, ஒரே உரை வேர்டு கோப்பாகவும், லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ஓடிடி (.odt) கோப்பாகவும், இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல் கோப்பாகவும் வந்து சேர்கிறது. மூன்றுக்கும் ஒரே அமைப்பு பொருந்துவதில்லை. இது தமிழ் உரை என்று பிழைதிருத்திக்குச் சொல்லும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு.

வேர்டில் அந்த மொழிக்குறிப்பு உரையோடேயே கோப்பில் பதிவாகிறது. தமிழுக்கான மெய்ப்புக் கருவியை நிறுவிய பிறகு, உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து மொழியைத் தமிழ் என்று வைக்க வேண்டும். அதே பெட்டியில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்ற தேர்வில் குறி இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடே இல்லாத கோப்பைக் கண்டால் நான் மகிழ்வதில்லை. முதலில் இந்தக் குறியைத்தான் பார்க்கிறேன்.

லிப்ரெஆபிஸில் பலர் இடறுவது மொழி அமைப்பில்தான். மேற்கத்திய மொழி என்ற வரியில் தமிழைத் தேடுவார்கள். தமிழோ சிக்கலான எழுத்தமைப்பு மொழிகள் என்ற வரியில் இருக்கிறது. தமிழ் அகராதியையும் நீட்சியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண் கலந்த சொற்களைச் சோதிக்கும் தேர்வை அணைத்து வைத்தால், ‘ஏடிடி43’ என்று இடைவெளியின்றி எழுதப்பட்ட நெல் ரகப் பெயர்கள் தொல்லை தருவதில்லை.

ஆனால் நான் லிப்ரெஆபிஸை விரும்புவதற்குக் காரணம் வேறு. ‘வெண்ணாறு’ என்ற சொல்லைப் பயனர் அகராதியில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மனுவில் ‘வெண்ணாற்றில்’, ‘வெண்ணாற்றுக்கு’, ‘வெண்ணாற்றங்கரை’ ஆகிய மூன்றும் சிவப்பாகவே நின்றன. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறே மாறிவிடுகிற நம் மொழியில், அடிச்சொல்லை மட்டும் சேர்ப்பது அரை வேலை. லிப்ரெஆபிஸின் 6.0 பதிப்பிலிருந்து, தமிழுக்கென்று தனியாகத் தொடங்கும் பயனர் அகராதியில் ஒரு சொல்லைச் சேர்க்கும்போதே அது எந்தச் சொல்லைப் போலத் திரியும் என்று மாதிரிச்சொல் ஒன்றையும் தரலாம். ‘வெண்ணாறு’ என்பதற்கு ‘ஆறு’ என்று கொடுத்தால், முதன்மை அகராதியில் ‘ஆறு’ என்ற சொல்லுக்கு விகுதி விதிகள் இருக்கும் அளவுக்கு அதன் வடிவங்களும் ஏற்கப்படும். குடமுருட்டி, தாளடி, மாப்பிள்ளைச் சம்பா என்று உள்ளூர்ச் சொற்கள் நிறைந்த டெல்டா ஆவணங்களுக்கு இது பேருதவி. வேர்டின் தனி அகராதி வெறும் சொற்பட்டியல்; ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டிலுமே அந்த அகராதி கணினியில்தான் தங்குகிறது, ஆவணத்தோடு போவதில்லை. ஆகவே அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

எச்டிஎம்எல் கோப்பை வேர்டில் திறந்து திருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேமிக்கும்போது தேவையற்ற குறிகள் சேர்ந்துவிடும். ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரலைக் கட்டளை வரியில் எச்டிஎம்எல் முறையில் இயக்கினால், குறிகளை விட்டுவிட்டு உரையை மட்டும் சோதிக்கும். லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதிய கோப்புக்கும் அப்படியொரு முறை உண்டு. வெற்று உரைக் கோப்பில் மொழிக்குறிப்பு எதுவும் இல்லாததால், எந்த அகராதி என்பதை நாமே கட்டளையில் சொல்ல வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்புகளுக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளே. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும், ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக நின்றுவிடுவதுண்டு. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. சரியான சொல்லுக்குக் காரணமின்றிக் கோடு விழுந்தால் அந்த எழுத்தை அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும்.

சந்தியில் வேர்டு, லிப்ரெஆபிஸ், ஹன்ஸ்பெல் மூன்றுமே கைவிட்டுவிடுகின்றன. ஹன்ஸ்பெல் சொல் சொல்லாகப் பார்ப்பதால் ‘கல்லணை கால்வாய்’ என்று ஒற்று விடுபட்டதைக் கண்டுகொள்ளாது. ‘கல்லணைக்’ என்று சரியாக எழுதினால், அந்த ஒற்றுக்கு விதி இல்லாத அகராதி அதையே பிழை என்று காட்டும். அதனால் சொற்பிழை முடிந்த உரையை நாவி என்னும் இணையச் சந்திப்பிழை திருத்தியில் ஒருமுறை இட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.