குவாண்டம் புள்ளிகள்: குடுவையில் வளர்ப்பதா, படிகத்தின் மேல் வளர்ப்பதா?

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டரே உள்ள குறைகடத்தித் துணுக்கு. இதைக் குடுவையில் கரைசலிலும் வளர்க்கலாம், இன்னொரு படிகத்தின் மேலும் வளர்க்கலாம். காட்மியம் செலினைடுப் புள்ளி 2 நானோமீட்டர் அளவில் நீலமாகவும் 6 நானோமீட்டரில் சிவப்பாகவும் ஒளிரும். அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால், அளவில் நேரும் பிசகும் நிறத்தில் வந்து விழுமே! எளிய கணக்கில், அடைப்பு ஆற்றல் (சிறிய இடத்தில் அடைபடுவதால் எலக்ட்ரானுக்குக் கூடும் ஆற்றல்) ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். ஆரம் 5 சதவீதம் மாறினால் அந்த ஆற்றல் சுமார் 10 சதவீதம் நகரும். கோடிக்கணக்கான புள்ளிகள் ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்தால், மொத்த நிறமாலை அகன்றுவிடும்.

புள்ளிகளின் அளவில் உள்ள இந்தப் பரவலைக் கட்டுப்படுத்துவதில் குடுவை வழிக்குத்தான் என் வாக்கு. 1993-இல் மர்ரே, நாரிஸ், பவெண்டி மூவரும் காட்டிய முறை இது: கொதிசூட்டில் இருக்கும் கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்த வேண்டும். கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்துணுக்குகள்) ஒரே வீச்சில் பிறக்கும். உடனே வெப்பநிலையும் செறிவும் இறங்குவதால் புதுக் கருக்கள் பிறக்காது. பிறந்தவை சேர்ந்தே வளரும். மூலப்பொருள் தாராளமாக இருக்கும்வரை சிறியவை வேகமாக வளர்ந்து பெரியவற்றை எட்டிப்பிடிக்கும். அது தீர்ந்து வந்தால் கதை தலைகீழ்: சிறியவை கரைந்து பெரியவற்றுக்குத் தீனியாகும், பரவல் மறுபடி விரியும். ஆகவே எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கொஞ்சம் தவறினாலும், மெத்தனால் போன்ற ஒவ்வாத கரைப்பானைச் சேர்த்துப் பெரியவற்றை முதலில் வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். இப்படித்தான் பரவல் 5 சதவீதத்துக்குள் வந்தது.

படிக வழியில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. காலியம் ஆர்சனைடு மேல் இண்டியம் ஆர்சனைடைப் படியவிட்டால், அணிக்கோவை அளவில் (படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள இடைவெளியில்) உள்ள சுமார் 7 சதவீத வேறுபாட்டால் அழுத்தம் ஏறி, படலம் தானாகவே தீவுகளாக உடையும். உருவானது உருவானதுதான், சலித்தெடுக்க வழியில்லை. பரவல் 10 சதவீத அளவில் இருப்பது சகஜம். தீவின் உயரம் சில நானோமீட்டர்தான் என்பதால், ஓர் அணு அடுக்கு கூடினாலே ஆற்றல் தள்ளிப்போகும். தீவுகளைப் பாதி உயரம்வரை மூடி, வெளியே மீந்த உச்சியை ஆவியாக்கி உயரத்தைச் சமன்செய்யும் உத்தி ஓரளவு கைகொடுக்கும்.

சரி, பயன்பாட்டில் யார் ஜெயிக்கிறார்கள்? திரைக்குத் தூய நிறம் வேண்டும், குடுவைதான். காட்மியத்தைத் தவிர்க்க இண்டியம் பாஸ்பைடுக்குப் போனால் அளவுக்கு நிறம் இன்னும் கூர்மையாக எதிர்வினை காட்டும். அதே பரவலுக்கு நிறமாலை கூடுதலாக அகலும். ஈய சல்பைடு சூரிய மின்கலத்தில் வேறு தொல்லை: கூட்டத்தில் இருக்கும் சில பெரிய புள்ளிகள் மின்னூட்டங்களைப் பிடித்துவைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும்.

லேசரில் மட்டும் என் தீர்ப்பு மாறுகிறது. 1982-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரகாவாவும் சகாகியும் கற்பனை செய்த குவாண்டம் புள்ளி லேசருக்கு ஒரே அளவுப் புள்ளிகள் தேவைதான். பரவல் ஒளிப்பெருக்கத்தைச் சிதறடிக்கும். ஆனாலும் படிகத்துக்குள் புதைந்த புள்ளிக்கு மின்சாரம் எளிதில் போகும், ஆயுளும் அதிகம். அந்த லாபத்துக்காகப் பரவலைப் பொறுத்துக்கொண்டு, அடுக்கின் மேல் அடுக்காகப் புள்ளிகளை வளர்த்து ஈடுகட்டுகிறார்கள். கண் விழித்திரையைப் படமெடுக்கும் கருவிகளுக்கான அகன்ற நிறமாலை ஒளிமூலத்துக்கோ, பரவல் ஒரு வரம்.

இன்னொன்று: அறை வெப்பநிலையில் குடுவைப் புள்ளி ஒவ்வொன்றும் அணு அதிர்வுகளால் தானே அகலமாக ஒளிர்வதால், பரவலை ஓரளவுக்கு மேல் இறுக்கிப் பெரிய பலன் கிடைக்காது.