சத்ரியாவில் 50 குதிரைத்திறன் நைட்ரஸ்: மூன்று வருஷ வயரிங் அனுபவம்

முதலில் ஒரு விஷயம். இந்தக் கார் சிங்கப்பூரில் இல்லை. இங்கே சாலையில் ஓடும் வண்டிக்கு நைட்ரஸ் (எஞ்சினின் பலத்தைக் கூட்ட உள்ளே அடிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு) பொருத்த எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையம், அனுமதிப்பதில்லை. ஜொகூர் பாருவில் மச்சானின் பட்டறையில் நிற்கும் பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் எஞ்சின். லாரியில் ஏற்றி செபாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவதோடு சரி.

போட்டிருப்பது வெட் கிட். நைட்ரஸுக்கு ஒரு சோலினாய்டு (கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு), கூடவே அடிக்க வேண்டிய பெட்ரோலுக்கு இன்னொன்று. நைட்ரஸின் எடையில் 36 சதவீதம் ஆக்ஸிஜன், காற்றில் 23தான். அந்த உபரி ஆக்ஸிஜனுக்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். அதனால்தான் பாட்டிலைவிட வயரிங்கைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

சிம் லிம் டவரில் வயர், ரிலே, ஃபியூஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போய் நானே இழுத்தேன். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் கால்களுக்கு எண் உண்டு. 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கரண்ட், 87-லிருந்து இரண்டு சோலினாய்டுக்கும். 86-க்கு டேஷ்போர்டு சுவிட்ச். 85 எர்த்துக்குப் போகும் வழியில்தான் காவல்காரர்கள்: ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் ஒட்டும் மைக்ரோ சுவிட்ச், 3,500 ஆர்பிஎம்முக்கு மேலே ஒட்டி, எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டருக்கு முன்பே விட்டுவிடும் விண்டோ சுவிட்ச், பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் அறுத்துவிடும் சுவிட்ச். ஒருவர் மறுத்தாலும் நைட்ரஸ் வராது. ஐந்து கால் ரிலே வாங்கினால் 87ஏ-யைத் தொடவே தொடாதீர்கள். சுவிட்ச் போடாமலே அதில் கரண்ட் இருக்கும்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு பாட்டில் ஹீட்டரே வேண்டாம். 30 டிகிரியிலேயே அழுத்தம் 900 பிஎஸ்ஐயைத் தொட்டுவிடும். மத்தியானம் பூட்டிய டிக்கியில் கிடந்தால்தான் தொல்லை: 36.4 டிகிரியைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவமே மிஞ்சாது. ஈரத் துண்டு சுற்றித்தான் வைக்கிறோம்.

இரண்டாவது வருஷம், செபாங் நேர்பாதையில் சுவிட்ச் பிடித்த கணமே எஞ்சினுக்குள் யாரோ கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோலச் சத்தம். 12-க்குக் கீழே நிற்க வேண்டிய ஏஎஃப்ஆர் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) முள் 14-ஐத் தாண்டியிருந்தது; பெட்ரோல் போதவில்லை. உடனே காலை எடுத்துவிட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் உப்புத்தூள்போல அலுமினியப் பொட்டுகள். பிஸ்டனின் துகள்.

பட்டறைக்கு வந்ததும் பாட்டிலை மூடி, லைனில் அழுத்தத்தை இறக்கி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, 85-ஐ ஒரு வயரால் எர்த்தில் தொட்டேன். நைட்ரஸ் சோலினாய்டு ‘டக்’கென்று அடித்தது. பெட்ரோல் சோலினாய்டு முனகியதோடு சரி. மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.5 வோல்ட், அந்த சோலினாய்டில் 9.8.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “எர்த்தை எங்க மச்சான் முடுக்கின?”

ஃபெண்டரில். பெயின்ட்டைச் சுரண்டாமல். போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பழுப்புத் துரு, ஒரு வருஷ ஈரம்.

நைட்ரஸ் சோலினாய்டின் எர்த் எஞ்சின் பிளாக்கில் தனியாக இருந்தது. அதுதான் என் பெரிய தப்பு. இப்போது இரண்டையும் ஒரே தடித்த வயரில் சேர்த்து நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோய்விட்டேன். எர்த் போனால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். அதோடு, 900 பிஎஸ்ஐயை எதிர்த்துத் திறக்க வேண்டிய நைட்ரஸ் சோலினாய்டுக்குத்தான் பலம் அதிகம் வேண்டும்; வோல்ட் குறைந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் திறக்க மறுக்கும். எஞ்சினுக்கு அதுவே நல்லது.

மைக்ரோ சுவிட்ச்சின் தகடு எஞ்சின் சூட்டில் வளைந்து ஒருமுறை மாற்றினேன். கனெக்டர்களுக்கு கிரீஸ் தடவுகிறேன். மற்றபடி செலவில்லை.

லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதே சோதனைதான்: ரிலேயை இழுக்கவிட்டு, சோலினாய்டின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரைப் பிடிப்பேன். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு பாட்டில் வால்வைத் திறப்பதில்லை.